பன்னிரண்டு மணிக்குள் ஒரு கையெழுத்து

கிரில் கதவத் தொறக்க மாட்டேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. உள்கதவத் தொறந்துட்டேன்ல, அது போதும். அங்கனயே நின்னு சொல்லுங்க. தண்ணி வேணும்னா கம்பி வழியாத் தர்றேன். தலை நரைச்சவரத் தம்பிங்கிறாளேன்னு நினைக்காதீங்க. எனக்கு அறுபத்தாறு முடிஞ்சிருச்சு, நீங்க எப்படியும் எனக்கு இளையவராத்தான் இருப்பீங்க.

கோர்ட்டுல இருந்து வர்றீங்கன்னு வாட்ச்மேன் கீழ இருந்தே போன்ல சொல்லிட்டாரு. அப்பவே ஓடி வந்து இந்தக் கிரில்லப் பூட்டிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் இல்ல. அத முதல்ல சொல்லிர்றேன். ஊருக்குப் போயிருக்காக, கோவில்பட்டிக்கு. எப்ப வருவாகன்னு எனக்குத் தெரியாது. போன் வச்சிருக்காக, ஆனா எடுக்க மாட்டாக. காதும் கேக்காது, போன்ல சார்ஜும் இருக்காது.

எந்தச் செருப்பு? ஓ, அதுவா. அது பழசு. ஊருக்குப் போறவுக நல்லதத்தான் போட்டுட்டுப் போவாக.

அந்தக் காகிதத்த மட்டும் கதவுல ஒட்டிராதீங்க தம்பி. உங்க பையில பசை டப்பா இருக்குறதப் பாத்துட்டேன். கையில வாங்கலேன்னா ஒட்டிட்டுப் போயிருவாங்கன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. ஒட்டிட்டீங்கன்னா இந்த மாடியில இருக்குற நாலு வீட்டுக்காரங்களும் லிஃப்டவிட்டு இறங்குறப்பல்லாம் நின்னு படிப்பாங்க. அதுலயும் எதிர் வீடு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, எதிர் வீட்டுல ஆள் இருக்கு.

ஜப்திதானே? வீட்டத்தானே எடுக்கப் போறீங்க? இல்ல, சொல்லாதீங்க. நான் சொல்லி முடிச்சப்புறம் சொல்லுங்க. பேரு கேக்குறீங்க, பேரு எங்க ஓடிரப் போகுது. என்ன நடந்துச்சுன்னு ஒரு மனுஷர் காதுலயாவது விழணும். நாலு மாசமா இந்தக் கட்டடத்துல எங்ககூட ஒருத்தரும் பேசுறதில்ல. நீங்கதான் முதல்ல வந்து நிக்கிறீங்க, பசை டப்பாவோட.

அவுக பேரு திரவியம். டெலிபோன் இலாகாவுல முப்பத்தாறு வருஷம். கம்பத்துல ஏறி ஆரம்பிச்சு மேஜையில உக்காந்து முடிச்சாக. பதினோரு ஊரு மாத்தல், பதினோரு வாடகை வீடு. ஒரு வீட்டுல ஆணி அடிக்காதம்பாங்க. ஒரு வீட்டுல விருந்தாளி வந்தா தண்ணி தர மாட்டேம்பாங்க. சாகுறதுக்குள்ள சொந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சிரணும்னு எனக்கு ஒரு வெறி. அவுகளுக்கு அதெல்லாம் கிடையாது. "வாடகை வீட்டுல என்ன குறை செண்பகம், ஒழுகுனா அவன்ல சரி பண்ணணும்"பாக.

இந்த இடத்தக் கண்டுபிடிச்சது நான்தான். பேப்பர்ல முழுப் பக்கம் விளம்பரம். வண்டலூர் தாண்டி நந்தவனம் அவென்யூ, நூத்தி நாப்பது வீடு, நீச்சல் குளம், கிளப் ஹவுஸ். குளத்துல நீல நீலமாத் தண்ணி. நான் என்ன நீந்தவா போறேன்? ஆனா சன்னலத் தொறந்தா தண்ணி தெரியணும்னு ஒரு ஆசை. எங்க ஊரு கரிசக் காடு தம்பி, தண்ணியக் கண்ணால பாக்குறதே பெருசு. அவுக ரிட்டயர் ஆகி வந்த பணம், என் ரெண்டு வளையல், எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. நான் நிக்கிறேனே, இந்தத் தரைக்குள்ள.

நூத்தி நாப்பது வீட்டுல முதல்ல பால் காய்ச்சினது நாங்கதான். அப்ப லிஃப்ட்கூட ஓடல. கோதண்டம்னு பேரு, இதக் கட்டின பில்டர். அவ்வளவு பெரிய மனுஷர் மூணு மாடி ஏறி மூச்சு வாங்க வந்தாரு. பழத்தட்டு குடுத்தாரு. அவுகளுக்குப் பொன்னாடை போத்தினாரு. "நீங்கதான் நந்தவனத்துக்கு முதல் குடும்பம். குடியிருப்போர் சங்கத்துக்கு நீங்கதான் தலைவரா இருக்கணும்"னாரு. அவுக வேண்டாம்னாக. எனக்குச் சங்கமெல்லாம் தெரியாது, சந்தா கட்டுற ஆளா வேணா இருக்கேன்னாக. நான் பின்னால நின்னு கண்ணக் காட்டினேன். முப்பத்தாறு வருஷத்துல ஒரு சால்வை உண்டா, ஒரு மேடை உண்டா? தானா வருது, வாங்கிக்க வேண்டியதுதானே.

சங்கம்னா யாரு? அப்ப மத்த வீட்டுக்கெல்லாம் ஆளே வரல. சாவி பூராவும் கோதண்டத்துக்கிட்டத்தான் தொங்குது. நாங்க ரெண்டு பேரு, மிச்சம் அஞ்சு பேரும் அவரு ஆபீஸ்ல சம்பளம் வாங்குறவங்க. ஏழு பேரும் வட்டமா உக்காந்து கேசரி சாப்பிட்டோம், கூட்டம் முடிஞ்சிருச்சு. என்ன பேசினோம்னு கேட்டீங்கன்னா, கேசரியில நெய் தூக்கலா இருக்குன்னு பேசினோம். அதுக்கு ஒரு நோட்டுல என்னமோ தீர்மானம்னு எழுதி வச்சிருக்காங்களாம் இப்ப. செயலாளர்னு பேருக்கு ஒரு ஆள் வேணும்னாங்க. அது கிடக்கட்டும்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், அப்புறம் மறைச்சேன்னு வரக்கூடாது. அன்னைக்கு எங்களுக்கு ஒரு கார் பார்க்கிங் சும்மா குடுத்தாரு. கூரை போட்ட இடம். எங்களுக்குக் கார் கிடையாது தம்பி. அவுக சைக்கிள்தான் அங்க நிக்குது, இவ்வளவு பெரிய கட்டத்துக்குள்ள சுவத்துல சாஞ்சுக்கிட்டு. அத இப்ப லஞ்சம்ங்கிறாங்க. லஞ்சம் வாங்குறவன் கார் இருந்தால்ல கார் பார்க்கிங் வாங்குவான்? அது மரியாதைக்குக் குடுத்தது. மரியாதைக்குக் குடுத்தா வேண்டாம்னா சொல்லுவாங்க?

அடுத்த புதன்கிழமை, சங்கத்தப் பதிவு பண்ணணும்னு ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கார் அனுப்பினாங்க. கூட வந்தது மேனேஜர் விஜயராகவன். தங்கமான மனுஷர். வழியில நிறுத்தி பொங்கல் வடை வாங்கிக் குடுத்தாரு. நான் அரக்குப் பட்டு கட்டியிருந்தேன், ரெண்டு முழம் மல்லிகை. ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் பட்டா கட்டுவாங்கன்னு கேக்காதீங்க. அன்னைக்கு எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரித்தான் இருந்துச்சு.

நான் நாள் நேரம் பாக்குற ஆளில்ல. அதெல்லாம் எங்கம்மாவோட போச்சு. ஆனா ராகு காலத்துல ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போடலாமா, நீங்களே சொல்லுங்க. புதன்கிழமை பன்னெண்டுக்குப் பிடிச்சா ஒண்ணரை வரைக்கும். நாங்க ஒம்பதரைக்கே போயிட்டோம். வெளிய புங்க மரத்தடியில ரெண்டு மணி நேரம் சும்மாத்தான் உக்காந்திருந்தோம். காகிதமெல்லாம் விஜயராகவன் கைப்பையில இருந்துச்சு. அவரு உள்ள போறாரு, வெளிய வர்றாரு, போன் பேசுறாரு. பாவம், அலைஞ்சாரு. கூப்பிடுறப்ப பதினொண்ணே முக்கால். "அம்மா, பன்னெண்டுக்கு ராகு காலம் பிடிச்சிருது, சீக்கிரம்"னு அவரேதான் ஞாபகப்படுத்தினாரு. அவ்வளவு அக்கறை.

பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல சின்னதா இன்ட்டு போட்டு வச்சிருந்தாங்க. இன்ட்டு இருக்குற இடத்துல கையெழுத்து. போட்டாக. அப்புறம் ஒரு சின்ன மிஷின்ல விரல வைக்கச் சொன்னாங்க, ஒரு கேமராவப் பாக்கச் சொன்னாங்க. நானும் பக்கத்துல இருந்தேன், அவ்வளவுதான். பன்னெண்டு அடிக்க மூணு நிமிஷம் இருக்கும்போது வெளிய வந்துட்டோம். நல்ல வேளைன்னு நான் நெஞ்சுல கை வச்சுக்கிட்டேன். நல்ல வேளைன்னு சொன்னேன் தம்பி, என் வாயாலயே.

அது சங்கத்தப் பதிவு பண்ற காகிதம் மட்டும் இல்ல. அதுக்குக் கீழ இன்னொண்ணு இருந்திருக்கு.

அந்த நீச்சல் குளம் இருக்குல்ல, கிளப் ஹவுஸ் இருக்குல்ல, அது நம்மளது இல்லையாம். அந்த மண்ணு கோதண்டத்தோட சொந்த மண்ணாம். அத நம்ம சங்கம் அவருகிட்டக் குத்தகைக்கு எடுத்திருக்காம், தொண்ணூத்தொம்பது வருஷத்துக்கு. வீட்டுக்கு வீடு மாசா மாசம் வாடகை. வருஷா வருஷம் கூடும். குளத்துல தண்ணி இருந்தாலும் கட்டணும், இல்லாட்டியும் கட்டணும். பூட்டியே கிடந்தாலும் கட்டணும். கட்டலேன்னா நம்ம வீட்டு மேல அவருக்குப் பாத்தியதை வந்துரும். வீட்ட வித்துட்டுப் போயிரலாம்னா, அவரு கையால ஒரு கடிதம் தந்தாத்தான் விக்க முடியும். வாங்க வர்றவனும் மிச்ச வருஷத்துக்கு ஒத்துக்கணும்.

தொண்ணூத்தொம்பது வருஷம். எனக்கு அறுபத்தாறு. பதினோரு வீட்டுக்கு வாடகை குடுத்து அலுத்துப் போய்த்தானே இங்க வந்தேன். நான் ஒருநாளும் கால நனைக்காத தண்ணிக்கு என் பேரனோட பேரன் வாடகை கட்டணும். அந்தக் குளத்துல தண்ணி இருக்கான்னு பாருங்க. போகும்போது எட்டிப் பாத்துட்டுப் போங்க. பாசி காஞ்சு போய், உள்ள ஒரு நாய் படுத்துக் கிடக்கும்.

அப்புறம் வந்த நூத்தி முப்பத்தொம்பது வீட்டுக்காரங்களும் பத்திரம் எழுதும்போது, சங்கம் ஒத்துக்கிட்டதுக்கு நானும் கட்டுப்படுறேன்னு ஒரு வரி இருந்திருக்கு. சங்கம் எப்ப, என்னத்த ஒத்துக்கிச்சுன்னு யாரு கேட்டா? மாசா மாசம் பராமரிப்போட சேத்து வாங்கினாங்க, எல்லாரும் கட்டினோம். எதுக்குன்னு தெரியாமத்தான் கட்டினோம்.

தெரிய வந்தது எதிர் வீட்டு ஜெசிந்தாவால. நர்ஸா இருக்கு. நல்ல பொண்ணு. அது வீட்டுக்காரர் பிரிட்டோவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரத்துக்கு மூணு தடவ ஊசி குத்தி ரத்தத்தச் சுத்தம் பண்ணிக் கூட்டிட்டு வருது. மாத்து கிட்னி வைக்கணும், அதுக்கு வீட்ட விக்கணும். ஒரு ஆளு வந்து பாத்து, பிடிச்சு, அட்வான்ஸும் குடுத்துட்டான். அப்புறம் அவனோட வக்கீல் காகிதத்த எல்லாம் எடுத்துப் பாத்திருக்காரு. மறுநாளே அட்வான்ஸத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான். தொண்ணூத்தொம்பது வருஷ விலங்கு மாட்டின வீடு எனக்கு எதுக்குன்னானாம். அதுக்கப்புறம் வந்த மூணு பேரும் அதேதான்.

ஜெசிந்தா ரிஜிஸ்தர் ஆபீஸுல மனு போட்டு நகல் வாங்கிருச்சு. கடைசிப் பக்கத்துல போட்டோவோட இருக்கு. அத வாட்ஸப் குரூப்புல போட்டுட்டாங்க. அரக்குப் பட்டும் மல்லிகையும் அவ்வளவு தெளிவா விழுந்திருக்கு. நான் சிரிச்சிக்கிட்டு வேற இருக்கேன்.

அன்னைக்கு ஜெசிந்தா வந்து, இப்ப நீங்க நிக்கிறீங்களே, அதே இடத்துலதான் நின்னுச்சு. சத்தம் போடல. சண்டை பிடிச்சிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "ஆன்ட்டி, படிச்சுப் பாக்கலையா?"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். நான் சொன்னேன்... என்ன சொன்னேன்? "அங்கிள்கிட்டக் கேளு"ன்னு சொன்னேன். அவுக உள்ள ஈஸிச்சேர்ல இருந்தாக. எந்திரிச்சு வந்து, "தப்புத்தாம்மா"ன்னாக. அதுக்கப்புறம் நாங்க அந்த குரூப்ப விட்டே வெளிய வந்துட்டோம். அதுல என்ன பேசிக்கிறாங்க, கேஸ் போட்டாங்களா, யாரு மேல போட்டாங்க, ஒண்ணும் எங்களுக்குத் தெரியாது. லிஃப்டுல நாங்க ஏறினா பேச்சு நின்னுரும். ஒருத்தன் அவுகள "என்ன பொன்னாடை, சௌக்கியமா?"ன்னான். அவுக சிரிச்சிட்டு வந்துட்டாக. பால் வாங்கப் போறதுக்குக்கூட இப்பப் படியிலதான் இறங்குறோம், மூணு மாடி.

போன வாரம் விஜயராகவன் வந்தாரு. ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு. மத்தவங்க எல்லாம் மூஞ்சியத் திருப்பும்போது தேடி வந்தவர் அவர் ஒருத்தர்தான். அவர்தான் பக்குவமா எடுத்துச் சொன்னாரு. "கையெழுத்து உங்களோடது, விரல் ரேகை உங்களோடது. கோர்ட்டுல ஆள் வருவான். கையில வாங்காதீங்க. வாங்கினா கூண்டுல ஏத்தி, கார் பார்க்கிங் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. மோசடின்னு வந்துட்டா இந்த வயசுல உள்ள போயிருவீங்க. வீடும் போயிரும். ஒரு ரெண்டு மாசம் ஊர்ல போய் இருங்க, டிக்கெட்டு நானே எடுத்துத் தர்றேன்"னாரு. நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாரு? அவருக்கு என்ன வந்துச்சு, நாங்க கோர்ட்டுக்கு வந்தா என்ன, வராட்டி என்ன?

ஏன் தம்பி சிரிக்கிறீங்க? சிரிக்கலையா? சரி.

அது டிவி. டிவியில யாரோ இருமுறாங்க.

ஆமா, டிவி ஓடலதான். நீங்க இருக்குற எடத்துல இருந்து தெரியுதா? சரி தம்பி, மறைக்கல. பின்னால துணி துவைக்கிற பால்கனியில நிக்க வச்சிருக்கேன். அரை மணி நேரமா நிக்கிறாக, ஆஸ்துமா உள்ளவுக. அவுகளக் கூட்டிட்டுப் போயிராதீங்க. உங்க கால்ல வேணா விழறேன். கம்பிக்கு உள்ள இருந்து எப்படி விழறதுன்னுதான் தெரியல. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி, அவுக ஒரு அப்பாவி. காகிதத்துல வேற பேரு எழுத முடியுமா? ஆள் இல்லன்னு எழுதிக்குங்க. திரவியம், மூணாவது மாடி, ஆள் இல்ல.

என்ன?

திரும்பச் சொல்லுங்க. திரவியம் இல்லையா? பின்ன யாரு?

என் பேருலயா?

நல்லாப் பாருங்க. தி. செண்பகவல்லி, செயலாளர். கம்பிக்கிட்டக் காட்டுங்க, கொஞ்சம் கிட்ட. ஆமா, அது நான்தான். செயலாளர்னு பேருக்கு ஒரு ஆள் வேணும்னாங்கன்னு சொன்னேன்ல, அது நான்தான். மங்களகரமா ஒரு பொம்பளை ஆளு இருக்கட்டும்னாரு கோதண்டம். ரெண்டு கையெழுத்து வேணுமாம் அதுக்கு. ரெண்டாவது என்னோடது.

சாட்சின்னா? குத்தவாளி வேற, சாட்சி வேறயா? கேஸ் கோதண்டத்து மேலயா? போட்டது யாரு, ஜெசிந்தாவும் எல்லாருமா? அவங்களா என்னக் கூப்பிடச் சொன்னது? எங்க மேல போடலையா?

இருங்க தம்பி, நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன்.

என்கிட்டச் சொன்னத அப்படியே அங்க வந்து சொன்னாப் போதும்ங்கிறீங்க. கேசரியையும் அந்த ஏழு பேரையும் சொன்னா, அந்தக் குத்தகை நிக்காமப் போகலாம்ங்கிறீங்க. இது உங்களுக்கு எப்படித் தெரியும்? இருபத்திரெண்டு வருஷமா காகிதம் கொண்டுபோய்க் குடுக்குறீங்களா. எத்தனையோ வாசப்படிய மிதிச்சிருப்பீங்க. முடிவு ஜட்ஜு கையிலதான்னும் சொல்றீங்க, அதுவும் சரி.

ஆனா நான் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லல தம்பி.

கூண்டுல ஏறினா வக்கீல் கேப்பாருல்ல, ஏம்மா படிக்காமப் போட்டீங்கன்னு. அப்ப நான் அதச் சொல்லணும்ல. ஜெசிந்தா அங்க இருக்கும். இவுகளும் இருப்பாக. அதுதான் தம்பி எனக்குப் பயம். ஜெயிலுக்குக்கூட இவ்வளவு பயமில்ல.

அவுக படிக்கணும்னாக. அந்த மேஜை முன்னால நின்னு, பைக்குள்ள கைய விட்டுக் கண்ணாடிய எடுத்துட்டாக. ஒத்தப் பக்கத்தப் பெரட்டிப் பாத்துட்டு, "செண்பகம், முப்பது பக்கத்துக்கு மேல இருக்கே, சங்கத்துக்கு எதுக்கு இத்தனை பக்கம்? ஒருதடவ படிச்சிர்றேன்"னாக. நான் கடிகாரத்தப் பாத்தேன். பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம். விஜயராகவன் என் மூஞ்சியத்தான் பாக்குறாரு. அவுக மூஞ்சியப் பாக்கல, என் மூஞ்சிய. நான் அவுக கையில கிள்ளினேன். "மானத்த வாங்காதீக, நேரம் போகுது"ன்னு அவுக கண்ணாடியப் பிடுங்கி என் பைக்குள்ள போட்டு ஜிப்ப மூடிட்டேன்.

அவுக கண்ணாடி இல்லாமத்தான் கையெழுத்துப் போட்டாக தம்பி. கண்ணாடி இல்லாம அவுகளுக்கு அந்த இன்ட்டு மட்டும்தான் தெரியும். இன்ட்டு எங்கன்னு நான் விரல வச்சு வச்சுக் காட்டினேன். அப்புறம் அந்த அதிகாரி ஒரு கேள்வி கேட்டாரு. "எழுதியிருக்கிறது தெரியுமா, சம்மதம்தானா?"ன்னு. எல்லார்கிட்டயும் கேப்பாரு போல. அவுக வாயத் தொறக்குறதுக்குள்ள நான் சொன்னேன், "சம்மதம்"னு. பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட நான் அவ்வளவு சத்தமாச் சம்மதம் சொன்னதில்ல.

நாலு மாசம். ஊரே அவுகளப் படிக்காத முட்டாள்ங்கிது, காசு வாங்கினவன்ங்கிது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நான் படிக்கணும்னுதான் சொன்னேன், இவதான் விடல"ன்னு சொன்னாகளா? எங்கிட்டக்கூடச் சொன்னதில்ல. ஜெசிந்தாகிட்ட "தப்புத்தாம்மா"ன்னாகளே, அப்ப என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. பாத்திருந்தா நான் அன்னைக்கே சொல்லியிருப்பேன். இல்ல, சொல்லியிருக்க மாட்டேன். எனக்கே தெரியும்.

புங்க மரத்தடியில ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோம். கைப்பையிலயேதான் இருந்துச்சு அந்தக் காகிதம். அதக் கையில குடுக்கல. பதினொண்ணே முக்காலுக்குத்தான் குடுத்தாரு. ஆமாந்தம்பி. ராகு காலத்த ஞாபகப்படுத்தினது அவருதான். இப்ப உங்ககிட்டச் சொல்லும்போதுதான் எனக்கே உரைக்குது. அந்த ஆப்பிள இன்னும் ஃபிரிட்ஜுல வச்சிருக்கேன்.

எங்க கையெழுத்துப் போடணும்? அந்தக் கோட்டுலயா? பென்சில எடுக்காதீங்க. வேண்டாம், குறி எதுவும் போட்டுக் காட்டாதீங்க. உள்ள எடுத்துட்டுப் போய்ப் படிக்கலாமா? இங்கயேதான் படிக்கணுமா? சரி, இங்கயே படிக்கிறோம். பூட்டத் தொறக்குறேன், இருங்க. இந்தா, தொறந்துருச்சு. உள்ள வந்து உக்காருங்க. பசை டப்பாவ அந்தப் பக்கம் வைங்க.

ஏங்க. ஏங்க, வெளிய வாங்க. ஆமா, நான்தான் கூப்பிடுறேன். ஒண்ணும் ஆகாது, வாங்க. ஆஸ்துமா பம்ப அடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க. கண்ணாடி எங்க வச்சிருக்கீக? போட்டுட்டு வாங்க. இந்தாங்க, இத நீங்க படிங்க. எனக்கு வந்ததுதான், நீங்கதான் படிக்கணும். முதல் வரியில இருந்து, கோர்ட்டு பேரு, நம்பரு, தேதி, ஒண்ணு விடாம.

எதிர் வீட்டுக் கதவு சந்துல வெளிச்சம் தெரியுது தம்பி. தொறந்திருக்கு போல. எப்ப இருந்து தொறந்திருக்குன்னு தெரியல. சாத்தச் சொல்ல வேண்டாம், இருக்கட்டும். ஏங்க, நீங்க சத்தமாப் படிங்க.

கூண்டுல ஏறினா எனக்கு வாய் வருமான்னு தெரியல. அதுக்காக வராம இருக்க முடியாது. நீங்க கீழ உக்காந்திருப்பீகல்ல, உங்களப் பாத்துச் சொல்லிர்றேன்.

மணி எத்தனை தம்பி? மூணு அஞ்சா?

இன்னைக்குச் செவ்வாக்கிழமை. மூணுக்கே பிடிச்சிருச்சு, நாலரை வரைக்கும். அவுக காலண்டரப் பாக்குறாக பாருங்க, எனக்காகத்தான் பாக்குறாக. ஏன் நிறுத்திட்டீக? படிங்க. தம்பி உக்காந்திருப்பாரு, அவருக்கு நான் காபி போட்டுத் தர்றேன். அந்தக் கடைசி வரிய மறுபடி படிங்க, எனக்குச் சரியா விளங்கல.